செல்லோ கேட்கிறதா? ஜார்ஜ் டவுனில் ஓர் இளைஞர் பியானோ ட்ரியோ

டிக்கெட் அறுபது வெள்ளி (ரிங்கிட்), மாணவர்களுக்கு முப்பது. கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை. வாசித்தது மூன்று மேல்நாட்டு இசையமைப்பாளர்களின் உருப்படிகள்: ஹைடனுக்கு முழு மதிப்பெண், மெண்டல்சனுக்குப் பாதி. ஷோஸ்டகோவிச்சுக்கு மட்டும் இன்னொரு அறுபது வெள்ளி கேட்டிருந்தாலும் முணுமுணுக்காமல் கொடுத்திருப்பேன். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, இந்த இளைஞர்கள் மூவரும் மறுபடி வாசிக்க வந்தால் இடதுபுற இருக்கையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். ஏன் இடதுபுறம் என்பது கீழே வருகிறது.

குழுவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மூவருக்கும் இருபதைச் சுற்றித்தான் வயது, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் குறையும் சொல்லப்போகிறேன். இணையத்தில் எழுதிய குறை பெயரோடு ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. மண்டபத்தின் பெயரும் கிடையாது. அங்கிருந்த பியானோவைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. வேறொருவர் சுருதி சேர்த்த பியானோவை இடம் சுட்டிக் குறை சொல்வது எங்கள் தொழிலில் மரியாதையும் அல்ல.

ஆம், நான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன். பதினேழு வயதில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கடையில் பியானோ தூக்கும் வேலைக்குப் போனவன், கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுச்சாவியைக் கையில் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடுகள் முதல் மலையடிவாரத்துப் பங்களாக்கள் வரை போய் வருகிறேன். இசைக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மரம், கம்பி, கம்பளி, இவற்றை நாசமாக்கும் இந்த ஊர் ஈரக்காற்று, இவைதான் எனக்குத் தெரியும். விமர்சனமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

பியானோ ட்ரியோ என்றால் மூன்று பியானோ அல்ல. (என் மைத்துனர் அப்படி நினைத்துக்கொண்டு, "ஒன்றையே தாங்க முடியாது, மூன்றா?" என்று வர மறுத்துவிட்டார்.) ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு செல்லோ (வயலினின் பெரிய அண்ணன், உட்கார்ந்து கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பது). பார்க்க இணக்கமான குடும்பம்போலத் தெரியும். ஆனால் பிறந்த நாளிலிருந்தே உள்ளே தகராறுதான். இன்றைய பெரிய பியானோவில் சுமார் 230 தந்திகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு ஏறத்தாழ 20 டன். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். செல்லோவுக்கு நான்கே தந்தி, ஒரு வில். வயலினாவது மேலே ஏறித் தப்பித்துக்கொள்ளும். செல்லோவின் குரல் ஓர் ஆண் பாடுகிற உயரத்தில் இருக்கிறது, பியானோக்காரரின் இடது கை ஓயாமல் புழங்குகிற இடமும் அதுவேதான். ஆகவே எந்த ட்ரியோவைக் கேட்கப் போனாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: செல்லோ கேட்கிறதா? கேட்டால் பியானோவில் இருப்பவருக்குக் காது இருக்கிறது. மற்றவையெல்லாம் பிறகு.

முதல் நல்ல சகுனம் வாசிப்பு தொடங்குவதற்கு முன்பே கிடைத்தது. செல்லோ வாசிக்கும் தம்பி பியானோவிலிருந்து ஏ சுரத்தை வாங்கி மேல் தந்தியைச் சேர்த்தான். அதிலிருந்து டி, ஜி, சி என்று ஒவ்வொரு பஞ்சமமாகக் கீழே இறங்கினான். அதோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள். இவன் பியானோ பக்கம் தலையைத் திருப்பி, "சி" என்று உதட்டை மட்டும் அசைத்தான். அந்தப் பெண் தாழ்ந்த சி கட்டையை அமுக்கினாள். இவன் தன் அடித்தந்தியை ஒரு மயிரிழை ஏற்றினான்.

சபையில் யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மனம் குளிர்ந்துவிட்டது. காரணம் இதுதான். தம்பூராவில் ச-ப சேர்ப்பதுபோல் காதுக்குச் சுத்தமாகப் பஞ்சமம் சேர்த்துக்கொண்டே போனால், பன்னிரண்டு சுரங்களும் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தில் சேராது. அதனால் பியானோவில் ஒவ்வொரு பஞ்சமத்தையும் நாங்கள் வேண்டுமென்றே இம்மி குறைத்து வைக்கிறோம். அரைச்சுர இடைவெளியை 100 பங்காக்கினால் அதில் 2 பங்கு. செல்லோக்காரர் சுத்தப் பஞ்சமமாகவே மூன்று படி இறங்கினால் 6 பங்கு தாழ்ந்துபோவார். பியானோவின் அடித்தளமும் செல்லோவின் அடித்தளமும் அங்கே ஒன்றோடொன்று உரசும். சபைக்கு "ஏதோ கலங்கலாக இருக்கிறது" என்று மட்டும் தோன்றும். இதைத் தெரிந்து, கேட்டு, விட்டுக்கொடுக்கிற பிள்ளை சரியான ஆசிரியரிடம்தான் படித்திருக்கிறான்.

முதல் உருப்படி ஹைடன் 1795-இல், லண்டனில் இருந்த காலத்தை ஒட்டி எழுதிய ஜி மேஜர் ட்ரியோ. கடைசிப் பகுதி ஹங்கேரி நாடோடி ஆட்டம்போல ஓடும். அதனாலேயே 'ஜிப்ஸி' என்ற பட்டப்பெயர் அதற்கு. இந்தக் கால ட்ரியோக்களில் செல்லோவுக்குச் சொந்தப் பேச்சு மிகக் குறைவு. பியானோவின் இடது கை என்ன வாசிக்கிறதோ அதையே தானும் வாசித்துக்கொண்டு கூடவே போக வேண்டும். செல்லோக்காரர்கள் இதற்காக ஹைடனைத் திட்டுவதுண்டு. அவர் மேல் தப்பில்லை. அன்றைய பியானோவுக்கு மரச்சட்டம், மெல்லிய தந்தி, தோல் சுற்றிய சிறு சுத்தியல்கள். கீழ்ச்சுரங்கள் தட்டிய உடனே செத்துப்போகும். அதற்கு முட்டுக் கொடுக்கத்தான் செல்லோ. இன்றைக்கு இரும்புப் பியானோவின் பக்கத்தில் அதே வேலையைச் செய்வது வெட்டி வேலையாகத் தெரியக்கூடும்.

இவர்கள் அதை வெட்டி வேலையாக விடவில்லை. பியானோ பெண் இடது கையைப் பாதியாக அடக்கிக்கொண்டாள். கட்டையின் அடிவரை போகாமல் மேலாகத் தொட்டுத் தொட்டு வந்தது அந்தக் கை. அவள் விட்ட இடத்தைச் செல்லோ நிரப்பியது. நடுவில் வரும் மெதுவான பகுதியில் கீழ்ச்சுரம் எந்த வாத்தியத்திலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டால் சொல்ல முடியவில்லை. பியானோவின் தொடக்கமும் செல்லோவின் நீட்டமும் சேர்ந்து ஒரே குரலாகிவிட்டது. வயலின் பெண் அந்தப் பகுதியில் வில்லைச் சற்று அதிகமாக அழுத்தினாள் என்பது என் எண்ணம். கடைசி ஆட்டத்தில் அந்த அழுத்தமே பொருந்திவிட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை காலைத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தது மெண்டல்சன், டி மைனர், 1839. இங்கேதான் வண்டி தடம் புரண்டது.

இந்த உருப்படியைத் தொடங்குவதே செல்லோதான். பியானோ கீழே மெல்லத் துடித்துக்கொண்டிருக்க, செல்லோ நீளமான ஒரு பாட்டை எடுக்கும். முதல் சில வரிகள் அழகாகவே வந்தன. பிறகு பியானோவுக்கு வேலை வந்தது. வேலை என்றால் சாதாரண வேலை இல்லை. எழுதி முடித்த பிறகு நண்பர் ஃபெர்டினாண்ட் ஹில்லர், பியானோ பகுதி பழைய பாணியில் இருக்கிறது, இன்னும் ஜொலிக்க வேண்டும் என்று சொல்லப்போக, மெண்டல்சன் அதை மாற்றி எழுதினார். அந்த ஜொலிப்பு முழுவதும் இன்றும் தாளில் இருக்கிறது, ஆயிரக்கணக்கான பொடிச் சுரங்களாக. 1839-ஆம் ஆண்டுப் பியானோவில் அவை மணிபோல் உதிர்ந்திருக்கும். நம் காலத்துப் பியானோவில், அதுவும் மூடியை நெட்டைக்கோலில் முழுசாகத் திறந்துவைத்தால், சரளைக்கல் கொட்டுவதுபோல் ஆகிவிடும். அன்று ஆகிவிட்டது. முதல் பகுதியின் பிற்பாதியில் செல்லோ வில்லின் முழு நீளத்தையும் இழுத்துக்கொண்டிருந்தான். கை தெரிந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் பகுதியின் துள்ளல் மட்டும் சுத்தம். கடைசிப் பகுதியில் அந்தப் பெண் தோளிலிருந்து எடுத்து அடித்தாள். ஐயோ, அந்தப் பழைய பியானோவின் தந்திகளை இழுத்துப் பிடித்திருக்கும் முளைகள் தாங்குமா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கைதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது. வேகமும் சத்தமும் சேர்ந்தால் சபை மயங்கிவிடும்.

இடைவேளையில் எனக்கு வலது பக்கம், இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த அம்மாள் தமிழில் பேச்சுக் கொடுத்தார். அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திருந்தார். செல்லோ தம்பியின் தாயார்.

"அண்ணே, பையன் வாசித்தது உங்களுக்குக் கேட்டதா? எனக்குப் பாதி நேரம் கை அசைவதுதான் தெரிந்தது. வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால்கூடச் சமையலறை வரைக்கும் கேட்கும்."

"உங்கள் பையன் மேல் தப்பில்லைம்மா. நீங்கள் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பியானோவின் மூடி திறக்கிற பக்கம் அது. அதன் சத்தம் முழுவதும் உங்கள் முகத்துக்கு நேராக வருகிறது."

"பணம் கொடுத்து வாங்கிய இடம், மாற முடியுமா?"

மாறலாம் என்றேன். இடதுபுறம் பின்வரிசைகளில் நிறைய நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இடைவேளை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். மூவரையும் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் சரி. விரல்களைப் பார்க்கலாம், சத்தமும் சமமாக வந்து சேரும்.

தேநீர் குடிக்க எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். (அந்தத் தேநீரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, பினாங்கில் இருந்துகொண்டு காகிதக் குவளையில் சாயத்தண்ணீர் குடிப்பானேன்? வரும்போதே பசியாறிவிட்டு வாருங்கள்.) நான் உள்ளேயே இருந்தேன். அதனால் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. வயலின் பெண் வாத்தியத்தை மேடையில் வைத்துவிட்டு இறங்கி, கடைசி வரிசைவரை நடந்துபோய் நின்றாள். மற்ற இருவரும் எதையோ சில வரிகள் வாசித்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். வலது கோடிக்குப் போனாள். மறுபடியும் அதே வரிகள், மறுபடியும் தலையாட்டல். மேடைக்குத் திரும்பி, எதுவும் பேசாமல் பியானோவின் மூடியைத் தூக்கிப் பிடித்தாள். செல்லோ தம்பி நெட்டைக்கோலை மடக்கிவிட்டுக் குட்டைக்கோலை நிறுத்தினான். பியானோக்காரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சம்மதமில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் விட்டுவிட்டாள்.

எனக்கும் குட்டைக்கோல் முழுச் சம்மதம் இல்லை. மூடியைத் தாழ்த்தினால் சத்தம் மட்டும் குறையாது, மேல்சுரங்களின் பளபளப்பும் மங்கிவிடும். கை பழுத்தவர்கள் மூடியை எப்படி வைத்தாலும் விரலாலேயே அடக்கிவிடுவார்கள். போ ஆர்ட்ஸ் ட்ரியோ 1955 முதல் 2008 வரை நடந்தது. வயலினும் செல்லோவும் ஆள் மாறிக்கொண்டே இருக்க, பியானோவில் மெனஹம் பிரெஸ்லர் ஒருவரே கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அரை நூற்றாண்டு பிறருக்கு இடம் விட்டு வாசித்த கை அது. அந்தக் கையை இருபது வயதுப் பெண்ணிடம் கேட்பது நியாயமில்லை. தோழி கடைசி வரிசையில் நின்று சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், அன்றைக்கு அது போதும்.

இடைவேளைக்குப் பிறகு ஷோஸ்டகோவிச்சின் இரண்டாவது ட்ரியோ. வயலின் பெண் எழுந்து இரண்டே வாக்கியம் பேசினாள். 1944-இல் எழுதியது, அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்துபோன நெருங்கிய நண்பர் இவான் சொல்லெர்டின்ஸ்கியின் நினைவாக. அவ்வளவுதான். போரைப் பற்றி, ஸ்டாலினைப் பற்றியெல்லாம் உரையாற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். நல்ல பிள்ளை.

இந்த உருப்படி தொடங்குகிற விதம் யாரையும் திகைக்க வைக்கும். செல்லோ தனியாக, தன் இயல்பான குரலைவிட எங்கோ மேலே, தந்தியை விரல் நுனியால் இலேசாகத் தொட்டு, சீழ்க்கைபோல ஒரு மெட்டை எடுக்கிறது. பிறகு வயலின் அதற்குக் கீழே வருகிறது. கடைசியில் பியானோ அடியாழத்தில். வீட்டில் பெரியவர் உச்சத்தில் அழ, சிறியவர் கீழே நின்று ஆறுதல் சொல்வதுபோல் எல்லாம் தலைகீழ். செல்லோக்காரர்கள் இரவெல்லாம் பயப்படுகிற இடம் இது. வில் ஒரு நூலிழை அதிகம் அழுந்தினால் சுரம் கிறீச்சிடும், குறைந்தால் வெறும் காற்றுதான் வரும். தம்பிக்கு ஒரு சுரம் உடைந்தது. முகம் மாறவில்லை, அடுத்த சுரம் சரியாக வந்து உட்கார்ந்தது. சபையில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிப்போனார்கள்.

இரண்டாம் பகுதியை அநியாய வேகத்தில் ஓட்டினார்கள். இளமை.

மூன்றாம் பகுதிக்கு வருகிறேன். பியானோ கனமான எட்டு சுரக்கூட்டுகளைத் தனியாக வாசிக்கிறது. அதே எட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க, அவற்றின் மேல் வயலினும் செல்லோவும் மாறி மாறிப் புலம்புகின்றன. முதல் சுற்றிலேயே என் முதுகு நிமிர்ந்தது. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே தந்தி இல்லை. அடிக்கோடியைத் தவிர மற்ற இடங்களில் இரண்டோ மூன்றோ தந்திகளை ஒன்றுபோலச் சேர்த்திருப்போம். அதில் ஒன்று நழுவினால் சுரம் நேராக நிற்காது, "வோவ்... வோவ்..." என்று அலையடிக்கும். நம் ஊரில் குளிர்சாதனத்தைப் போட்டுப் போட்டு அணைக்கிற மண்டபங்களில், முளைகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை ஈரத்தில் ஊதும், காய்ந்து சுருங்கும். ஆண்டுகள் போகப் போகப் பிடி தளர்ந்துவிடும். பிறகு ஓங்கி அடித்தால் முளை அசையும். மெண்டல்சனில் அடித்த அடிக்கு இப்போது கணக்குத் தீர்ந்தது. இடது கை விழுகிற இடத்தில் ஒரு பி ஃபிளாட் நழுவியிருந்தது. இந்தப் பகுதி பி ஃபிளாட் மைனர், அந்தச் சுரம்தான் இதற்கு ஆதாரம். ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

முதல் சுற்றில் அலை நன்றாகவே கேட்டது. இரண்டாவது சுற்றிலும். மூன்றாவது சுற்றில் காணோம். மண்டபத்தில் யாரும் வந்து சரி செய்துவிடவில்லை. அதே கட்டைதான், அதே தந்திதான். அந்தப் பெண் கூட்டில் மற்ற சுரங்களை முன்பு வாசித்த கனத்திலேயே வைத்துக்கொண்டு, அந்த ஒரு விரலை மட்டும் இலேசாக்கிவிட்டாள். கூட்டின் கனம் குறையவில்லை. குறைந்தது அந்த அலை மட்டும்தான். ஒரு கையில் நான்கு விரல் பாரம் தாங்க, ஐந்தாவது விரல் பூப்போல விழ வேண்டும். அதையும் மெதுவாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நண்பனின் சாவைப் பற்றிய இசையின் நடுவில் செய்ய வேண்டும். முதல் பாதியில் கண்மண் தெரியாமல் அடித்தவளா இவள் என்று ஆகிவிட்டது எனக்கு. அவள் கை இறங்கியதில் செல்லோவுக்கு இடம் கிடைத்தது. தம்பி அன்று முழுவதும் வாசித்ததில் மிகச் சிறந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

நிறுத்தாமல் அப்படியே கடைசிப் பகுதிக்குள் போனார்கள். யூத மக்களின் ஆட்ட மெட்டுகள், தந்தியை விரலால் சுண்டித் தொடங்கும். ஷோஸ்டகோவிச் 1960-இல் எழுதிய எட்டாவது குவார்டெட்டிலும் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான உருப்படி) அவற்றில் ஒன்று திரும்பி வருகிறது. குட்டைக்கோல் இங்கே கொஞ்சம் இடைஞ்சல்தான். வெறி ஏறவேண்டிய இடத்தில் பியானோ வாயைப் பொத்திக்கொண்டு கத்துவதுபோல் இருந்தது. ஆனால் வயலின் பெண் வில்லின் அடிப்பகுதியால் வெட்டி வெட்டி எடுத்த எடுப்பு அதை ஈடுசெய்துவிட்டது. முடிவில் அந்த எட்டுக் கூட்டுகள் மறுபடி தலைகாட்டும். இம்முறை முதலிலிருந்தே பி ஃபிளாட் இலேசாகத்தான் விழுந்தது.

வெளியே வரும்போது அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தாள். என் தொழிலைச் சொல்லி, "மூன்றாவது பகுதியில் ஒரு சுரம்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

"பி ஃபிளாட், அங்கிள்," என்றாள் முந்திக்கொண்டு. "மத்தியான ஒத்திகையில் நன்றாகத்தான் இருந்தது."

"மத்தியானம் நீ மெண்டல்சனை அப்படி அடித்திருக்க மாட்டாய்."

சிரித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. செல்லோ தம்பி பக்கத்தில் நின்று எனக்கும் மேலாகச் சிரித்தான்.

இன்னொரு குறையும் பாக்கி இருக்கிறது. ஷோஸ்டகோவிச் அத்தனை மெதுவாக அடங்கிய பிறகு, கைதட்டலுக்கு மறுபடி வந்து, மலாய்ப் பாடகரும் நடிகருமான பி. ரம்லியின் பாட்டு ஒன்றை மூவருக்குமாக மாற்றி வாசித்தார்கள். ரம்லி பினாங்கில் பிறந்தவர், ஊருக்கு மரியாதை. எனக்கு அது புரிகிறது. இருந்தாலும் அந்த இடத்தில் வேண்டாம். கட்டாயம் வாசிக்கத்தான் வேண்டும் என்றால் இடைவேளைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். என் மனைவிக்கு இதில் கடும் மறுப்பு. அவரைப் பொறுத்தவரை அன்றைய கச்சேரியில் காசுக்குத் தகுந்த உருப்படியே அதுதான். காரில் ஏறியதிலிருந்து கெலுகோர் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். இடைவேளையோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் தேவான் ஃபில்ஹார்மோனிக் இசை அரங்கில் கேட்டுப் பழகிய காதுகள் அந்த முழக்கத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இவ்வளவு சிறிய இடத்தில் வில்லின் முடி தந்தியில் உராய்வதுகூடக் கேட்கும். ட்ரியோவுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். குளிர் அதிகம், மேலுக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம், ஹைடனில் சிக்கிக்கொள்வார்கள். ஏற்பாட்டாளர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: இடைவேளையில் சுருதி பார்க்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலை. இலவச டிக்கெட் ஒன்று கொடுத்தால்கூட வருகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.